வன்னிக் குளங்களின் ஆற்றலரிகள்: கணுவுறையிலிருந்து விதை வரை பார்த்துப் பிரித்தறியும் முறை

ஆற்றலரி, நீரலரி என்று தமிழில் சொல்லப்படுவது ஒரே செடி அல்ல. குளத்து அலைகரை, துருசுக்குக் கீழான வாய்க்கால், மேலதிக நீர் வான் பாயும் பள்ளம், தண்ணீர் தேங்கும் வயல் மூலை என்று வன்னியில் ஈரம் நிற்கும் இடமெல்லாம் முளைக்கும் பல இனங்களுக்கு அந்தப் பெயர்கள் பொதுவாக வழங்குகின்றன. எல்லாவற்றுக்கும் நீண்டு கூர்ந்த இலை, வீங்கிய கணு, வெள்ளை அல்லது இளஞ்சிவப்புக் கதிர். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் மூலிகை என்று ஒன்றைத் தேடிப் போனவர் வேறொன்றைப் பிடுங்கி வருகிறார். மாணவர்களின் மாதிரித் தொகுப்பிலும் ஒரே பெயரின் கீழ் மூன்று செடிகள் ஒட்டப்பட்டிருக்கும்.

இவற்றைப் பிரிக்க முனைபவர்கள் பெரும்பாலும் இலையின் அகலத்தையும் பூவின் நிறத்தையும் நம்புகிறார்கள். இரண்டும் நீர்மட்டத்தோடும் வெயிலோடும் செடியின் வயதோடும் மாறுபவை. மாறாமல் நிற்பவை இரண்டு: கணுவைச் சுற்றியுள்ள சவ்வுறையும் (கணுவுறை), முற்றிய விதையும். இந்த வழிகாட்டி அவ்விரண்டையும் நடுவில் வைத்துப் போகிறது. மயிரும் கதிரும் துணைச் சாட்சிகள்.

எந்தச் செடிகளைப் பற்றிப் பேசுகிறோம்

நிமிர்ந்து வளர்பவை நான்கு: பெர்சிகாரியா கிளாப்ரா, பெர்சிகாரியா பார்பேட்டா, பெர்சிகாரியா அட்டெனுவேட்டா, பெர்சிகாரியா ஹைட்ரோபைப்பர். வற்றிய குளத்தரையில் தரையோடு படர்வது ஒன்று: பொலிகோனம் பிளெபேயம். முதல் நான்கையும் பழைய தாவர நூல்கள் பொலிகோனம் என்ற பேரினத்தில்தான் வைத்திருந்தன. ஆகவே பொலிகோனம் பார்பேட்டமும் பெர்சிகாரியா பார்பேட்டாவும் ஒரே செடி. அட்டெனுவேட்டாவுக்குப் பெயர்க்குழப்பம் இன்னும் அதிகம். நம் பகுதிச் செடியைப் புல்க்ரம் என்றும் டொமென்டோசம் என்றும் நூல்கள் குறித்திருக்கின்றன. பல பெயரைக் கண்டு பல செடி என்று எண்ண வேண்டாம்.

ஹைட்ரோபைப்பர் இலங்கையில் ஈரவலயத்துக்கும் மலைச்சரிவுகளுக்கும் உரிய செடி. இருந்தும் அதைச் சேர்த்திருப்பதற்குக் காரணம், இணையத்தில் படம் பார்த்துப் பெயரிடுபவர்கள் வன்னியின் ஆற்றலரிகளுக்கு அந்தப் பெயரையே அடிக்கடி வைத்துவிடுகிறார்கள். மலைநாட்டில் வளரும் பெர்சிகாரியா இனங்களான சினென்சிஸ், கப்பிட்டாட்டா, நேப்பாலென்சிஸ் ஆகியவற்றை விட்டுவிட்டோம். அவற்றின் பூக்கள் நீண்ட கதிராக இல்லாமல் உருண்டைத் தலைகளாகத் திரண்டிருப்பதால் குழப்பம் வராது.

காலமும் கருவியும்

மாரியில் குளம் நிரம்பி நிற்கும்போது போனால் தண்டின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கும். கணுவுறைகள் அழுகியிருக்கும். நுனியில் நாலைந்து இலை மட்டும் தெரியும். மழை ஓய்ந்து நீர்மட்டம் இறங்கத் தொடங்கும் மாசி முதல் வைகாசி வரையான காலமே வசதியானது. அப்போது அலைகரைச் சேற்றில் வேரோடு நிற்கும் முழுச் செடியையும் பார்க்கலாம். ஒரே கதிரில் மொட்டு, விரிந்த பூ, முற்றிய விதை மூன்றும் கிடைக்கும். இந்தப் பேரினத்தில் ஒவ்வொரு சிறு பூவடிச் செதிலுக்குள்ளும் பல பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருவதால் இந்த வசதி. பிளெபேயத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டும். சிறு குளங்கள் வற்றித் தரை தெரியத் தொடங்கிய பிறகுதான் அது பரவும்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை: பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, மில்லிமீற்றர் கோடுள்ள 15 சென்ரிமீற்றர் அடிமட்டம், இரண்டு தையல் ஊசி, வெள்ளைக் கடதாசித் துண்டுகள், சில கடித உறைகள், செடியைக் கழுவ ஒரு போத்தல் நல்ல தண்ணீர், கொப்பி, பென்சில். பேனை வேண்டாம், ஈரம் பட்டால் எழுத்துக் கரைந்துவிடும். கைவில்லையைச் செடிக்கு அருகில் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பது பலர் செய்யும் பிழை. வில்லையைக் கண்ணோடு ஒட்டிப் பிடியுங்கள். பிறகு செடியை வில்லையிலிருந்து சுமார் 2.5 சென்ரிமீற்றர் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். பத்து மடங்கு வில்லைக்கு அந்தத் தூரத்தில்தான் உருவம் தெளியும். வெளிச்சம் செடியின்மேல் விழ வேண்டும், உங்கள் தொப்பியின் நிழல் விழக்கூடாது.

இடம் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள எந்தக் காட்டோரத்துக்குள்ளும் ஒரு செடிக்காகக் கால் வைக்கக்கூடாது. ஊரார் நாளாந்தம் நடக்கும் வழியை விட்டு விலகாதீர்கள். குளங்களில் முதலை உண்டு. இடுப்பளவு நீரில் இறங்கிப் பறிக்காமல் கரையில் நிற்பதையே எடுங்கள். அலைகரைப் புல்லில் புடையன் கிடக்கும், சப்பாத்து அவசியம். மன்னார் கட்டுக்கரைக்குளம் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே செடி பறிப்பதானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். படம் எடுப்பதோடு நிறுத்துவது இன்னும் நல்லது.

முதலாம் படி: இது ஆற்றலரிதானா

தண்டை இரண்டு விரலால் பிடித்து ஒரு கணுவைப் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில், தண்டை முழுவதும் சுற்றிக் குழாய் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று மேல்நோக்கி எழுந்து நிற்க வேண்டும். இதைத்தான் இங்கே கணுவுறை என்கிறோம். தாவரவியலார் இதனை ஓக்ரியா என்பார்கள். இலையடிச் செதில்கள் ஒன்றிணைந்து உருவானது அது. அது இல்லையென்றால் செடி ஆற்றலரி இல்லை, அவ்வளவுதான்.

அதே சேற்றில் நின்று ஏமாற்றுபவை சில உண்டு. நீர்க்கிராம்பின் இலை ஆற்றலரியின் இலையை மிகவும் ஒத்தது. ஆனால் கணுவில் உறை கிடையாது, பூ மஞ்சள், இதழ்களுக்குக் கீழே காய் நீளமாகத் தெரியும். பொன்னாங்காணியில் இலைகள் எதிரெதிரே இருக்கும், பூக்கள் இலைக்கக்கத்தில் வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். ஆற்றலரியில் ஒரு கணுவுக்கு ஓர் இலைதான். கானாம்வாழையிலும் தண்டைச் சுற்றிய உறை உண்டு. ஆனால் அது இலையின் அடிப்பகுதியே நீண்டு உண்டான பச்சை உறை, இலை நரம்புகளும் இணையாக ஓடும். ஆற்றலரியின் உறை, காம்பின் உட்பக்கத்திலிருந்து தனிச் சவ்வாக எழும். இலைக்கு ஒரு நடுநரம்பும் பக்க நரம்புகளும் தெளிவாக இருக்கும்.

இரண்டாம் படி: கணுவுறையைப் படிப்பது

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

எந்தக் கணு என்பதில்தான் பாதி வெற்றி. நுனியிலுள்ள முதல் இரண்டு கணுக்களை விடுங்கள். அங்கே உறை இன்னும் மொட்டைப் பொதிந்திருக்கும், முழு நீளம் தெரியாது. அடிக்கணுக்களையும் விடுங்கள். அங்கே உறை கிழிந்து, சேறு படிந்து, வேர்கள் துளைத்து வந்திருக்கும். நுனியிலிருந்து மூன்றாவது முதல் ஐந்தாவது வரையான கணுக்களே நம்பத்தக்கவை. தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, ஈரத்தை மெதுவாக ஊதி நீக்குங்கள். மயிர்கள் ஈரத்தில் உறையோடு ஒட்டிக் கிடந்தால் இல்லாததுபோலத் தோன்றும்.

பிறகு மூன்று கேள்விகள். உறையின் வாய் விளிம்பில் நீண்ட மயிர் வரிசை உண்டா? உண்டென்றால் அந்த மயிர் உறையின் நீளத்தோடு ஒப்பிட எவ்வளவு? உறையின் உடலில் மயிர் உண்டா?

கிளாப்ராவின் உறை நேராக வெட்டியதுபோல முடியும், விளிம்பு மொட்டை, உடலும் வழுவழுப்பு. உறையின் நீளம் 1.5 முதல் 3 சென்ரிமீற்றர் வரை இருக்கும். பார்பேட்டாவில் விளிம்பு மயிர்கள் உறையின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக நீளும். உறை 1.5 முதல் 2 சென்ரிமீற்றர் என்றால் மயிரும் 1 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கும். வில்லையே தேவையில்லை, வெறுங்கண்ணுக்குத் தெரியும். உறையின் உடலிலும் படிந்த மயிர் உண்டு. அட்டெனுவேட்டாவிலும் விளிம்பு மயிர் உண்டு, ஆனால் பெரும்பாலும் உறையைவிடக் குட்டை. உடலில் அடர்ந்த மயிர் போர்த்தியிருக்கும். ஹைட்ரோபைப்பரின் விளிம்பு மயிர்கள் சில மில்லிமீற்றர்தான், உறையும் 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் அளவிலேயே நிற்கும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, கிளாப்ராவின் உறை முதிர்ந்து கிழியும்போது அதன் நரம்புகள் நார் நாராகப் பிரிந்து நிற்கும். அவசரமாகப் பார்ப்பவர் அதை மயிர் என்று எழுதிவிடுவார். உண்மையான விளிம்பு மயிர் அடியில் சற்றுத் தடித்து நுனியில் கூர்ந்து, ஏறத்தாழச் சம இடைவெளியில் நிற்கும். கிழிந்த நரம்பு தட்டையாக, ஒழுங்கற்ற நீளத்தில், ஓரத்தில் சவ்வுத் துணுக்கு ஒட்டியபடி இருக்கும். வில்லையில் பார்த்தால் ஐயம் தீரும். இரண்டாவது பொறி இதற்கு எதிரானது: பார்பேட்டாவின் மயிர்கள் பழைய கணுக்களில் உதிர்ந்துவிடும். ஒரே கணுவைப் பார்த்துவிட்டு மயிரில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு செடியில் மூன்று கணு, ஓர் இடத்தில் குறைந்தது மூன்று செடி பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: இலையின் மயிரும் புள்ளியும்

நடுத்தண்டிலிருந்து முழுதாக விரிந்த ஓர் இலையைக் கழுவி எடுத்து, நுனியிலிருந்து அடியை நோக்கி விரலால் வருடுங்கள். பார்பேட்டாவின் மயிர்கள் நுனியை நோக்கிப் படிந்தவை என்பதால் இப்படி எதிர்த்திசையில் வருடும்போது நடுநரம்பிலும் விளிம்பிலும் சொரசொரப்புத் தெரியும். மற்றப் பரப்பில் மயிர் ஐதாகவே இருக்கும். அட்டெனுவேட்டாவில் இரண்டு பக்கமும் அடர்ந்த மென்மயிர் படிந்து, இலைக்கு வெளிறிய சாம்பல் சாயல் கொடுக்கும். வெயிலில் சற்றுச் சரித்துப் பிடித்தால் பட்டு மினுக்கம் தெரியும். கிளாப்ரா பெயருக்கேற்றபடி வழுவழுப்பு.

அடுத்து இலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்து வில்லையால் பாருங்கள். கிளாப்ராவில் நுண்ணிய சுரப்பிப் புள்ளிகள் ஒளி ஊடுருவும் பொட்டுகளாகத் தெரியும். ஹைட்ரோபைப்பரிலும் புள்ளிகள் உண்டு. அதன் இலையை நசுக்கிச் சுவைத்தால் மிளகுக் காரம் இருக்கும் என்று பல நூல்கள் சொல்கின்றன, அது உண்மைதான். ஆனாலும் வன்னியில் அந்தச் சோதனையைப் பரிந்துரைக்க முடியாது. அலைகரைச் செடி மேல் வயல்களிலிருந்து வடியும் களைகொல்லி, பூச்சிகொல்லி நீரில் நிற்கிறது. விதையும் பூவும் கையில் இருக்கும்போது நாக்குத் தேவையில்லை.

இலையின் நடுவில் கரும்பச்சை அல்லது ஊதாத் திட்டு தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக்கொண்டு பெயரிடாதீர்கள். தண்டின் சிவப்பும் அப்படித்தான். வெயிலில் நிற்கும் தண்டு சிவக்கும், நிழலில் நிற்பது பச்சையாகவே இருக்கும்.

நான்காம் படி: கதிரும் பூவும்

கிளாப்ராவின் கதிர்கள் பல ஒன்றுசேர்ந்து கிளைத்து நிற்கும். ஒவ்வொன்றும் 5 சென்ரிமீற்றருக்கு மேல், நெருக்கமாக, பெரும்பாலும் இளஞ்சிவப்பு. வெள்ளையும் வரும். பார்பேட்டாவின் கதிர்கள் 4 முதல் 8 சென்ரிமீற்றர், மெலிந்து நிமிர்ந்தவை, வெள்ளை அல்லது பச்சை கலந்த வெள்ளை. அட்டெனுவேட்டாவில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் இரண்டும் உண்டு. நிறம் உதவாது என்று மேலே சொன்னது இதனால்தான். ஹைட்ரோபைப்பரின் கதிர் மெலிந்து தொங்கும். பூக்களுக்கிடையே இடைவெளி விட்டு, கதிர் துண்டு துண்டாக அறுபட்டதுபோலத் தோன்றும்.

நிறத்தைவிடப் பூவடிச் செதிலின் விளிம்பு பயனுள்ளது. கதிரில் பூக்களைத் தாங்கும் சிறு கிண்ணம் போன்ற அந்தச் செதிலும் ஒரு குட்டிக் கணுவுறைதான். கிளாப்ராவில் அதன் விளிம்பு மொட்டை. பார்பேட்டாவில் மயிர் வரிசை உண்டு. தண்டுக் கணுக்கள் எல்லாம் கிழிந்துபோன பழைய செடியில் இந்தச் செதில்கள் கைகொடுக்கும்.

பூவுக்கு வெளியிதழ், உள்ளிதழ் என்ற பிரிவு கிடையாது. நிறமுள்ள ஐந்து மடல்கள் மட்டும். அவற்றின் வெளிப்புறத்தை வில்லையில் பாருங்கள். ஹைட்ரோபைப்பரில் மஞ்சள் அல்லது பழுப்புச் சுரப்பிப் புள்ளிகள் தெளிவாக இருக்கும், பார்பேட்டாவில் இருக்காது. வன்னியின் செடியை ஹைட்ரோபைப்பர் என்று எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

விரிந்த ஒரு பூவை வெள்ளைக் கடதாசியில் வைத்து, ஒரு ஊசியால் அடியை அழுத்திக்கொண்டு மற்ற ஊசியால் மடல்களை விலக்குங்கள். நடுவிலுள்ள சூலகத்தின் உச்சியில் தம்பம் எத்தனையாகப் பிரிகிறது என்று எண்ண வேண்டும். பார்பேட்டாவில் மூன்று. அட்டெனுவேட்டாவில் இரண்டு. கிளாப்ராவில் வழக்கமாக இரண்டு, அரிதாக மூன்று. ஹைட்ரோபைப்பரில் இரண்டும் மூன்றும் கலந்து வரும். மகரந்தம் தாங்கும் கேசரங்களை எண்ணிக் காலம் கழிக்க வேண்டாம், ஒரே செடியிலேயே எண்ணிக்கை மாறும்.

ஐந்தாம் படி: விதை

விதை என்று நாம் சொல்வது உண்மையில் ஒற்றை விதை கொண்ட சிறு உலர் காய். உலர்ந்த மடல்கள் அதை இறுதிவரை பொதிந்திருக்கும். முற்றிய கதிரைக் கடதாசியின்மேல் பிடித்து விரல்களுக்கிடையே மெதுவாகத் தேய்த்தால் கரும்பழுப்பு அல்லது கறுப்பு விதைகள் உதிரும். உமி போன்ற மடலை ஊதி அகற்றுங்கள். மடல் ஒட்டியபடி விதையைப் பார்த்தால் மடலின் மடிப்பே முனைபோலத் தெரிந்து ஏமாற்றும்.

பத்து விதைகளை வரிசையாக வையுங்கள். தட்டையாகக் கிடந்து இரண்டு பக்கமும் மைசூர்ப் பருப்பைப் போலக் குவிந்திருந்தால் அது இருமுகம். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு முகத்தில் உட்கார்ந்து மேலே ஒரு விளிம்பைக் காட்டினால் மும்முகம். தம்பம் இரண்டு என்றால் விதை இருமுகம், மூன்று என்றால் மும்முகம். ஆகவே நான்காம் படியும் ஐந்தாம் படியும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

பார்பேட்டா: மும்முகம், 1.5 முதல் 2 மில்லிமீற்றர், கறுப்பு, பளபளப்பு. கிளாப்ரா: இருமுகம், 2.5 முதல் 3 மில்லிமீற்றர், பளபளப்பு. அட்டெனுவேட்டா: இருமுகம், 3 மில்லிமீற்றர் அளவில், கறுப்பு, பளபளப்பு. ஹைட்ரோபைப்பர்: 2 முதல் 3 மில்லிமீற்றர், இரு வடிவமும் கலந்து, எப்போதும் மங்கல். அதன் மேற்பரப்பில் நுண்குழிகள் இருப்பதால் ஒளி தெறிக்காது. கையிலுள்ள விதை பளபளக்கிறது என்றால் ஹைட்ரோபைப்பர் என்ற பெயரை அங்கேயே அடித்துவிடலாம்.

முற்றாத விதை சுருங்கி மூன்று மடிப்பாகத் தோன்றும். பச்சையாகவோ வெளிறியோ இருப்பவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். தேய்த்தபோது விதைக்குப் பதிலாகக் கருந்தூள் கொட்டினால் கரிப்பூட்டை வகைப் பூஞ்சணம் சூலகத்தைத் தின்றிருக்கிறது. வேறு கதிரை எடுங்கள்.

பார்பேட்டாவா, அட்டெனுவேட்டாவா

கிளாப்ராவைப் பிரிப்பது எளிது. மொட்டை உறை, வழுவழுப்பான இலை, 1 மீற்றருக்கு மேலும் உயரும் தடித்த தண்டு, இருமுக விதை என்று எல்லாம் ஒரே திசையில் போகும். உண்மையான சிக்கல் மயிருள்ள இரண்டுக்கும் இடையில்தான்.

நிழலிலும் ஆழ நீரிலும் வளர்ந்த அட்டெனுவேட்டாவில் மயிர் ஐதாகி, பட்டு மினுக்கம் மங்கிவிடும். மாறாக, வறண்ட கரையில் குறுகி நிற்கும் பார்பேட்டாவில் மயிர் நெருக்கமாகத் தெரியும். இரண்டும் நடுவழியில் சந்திப்பதுபோலத் தோன்றும். விளிம்பு மயிரின் நீளமும் அப்போது தெளிவான விடை தராது. இந்த நிலையில் இலையை ஒதுக்கிவிட்டுத் தம்பத்துக்கும் விதைக்கும் போங்கள். மூன்று தம்பமும் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத மும்முக விதையும் பார்பேட்டா. இரண்டு தம்பமும் 3 மில்லிமீற்றர் அளவு இருமுக விதையும் அட்டெனுவேட்டா. கதிரே இல்லாத செடியானால் பெர்சிகாரியா என்று மட்டும் எழுதி, இடத்தைக் குறித்துவிட்டு, கதிர் வரும்போது திரும்பிப் போவதுதான் நேர்மையான வேலை. ஊகத்தில் வைத்த பெயர் அடுத்தவரின் மருந்துப் பையில் போய் முடியலாம்.

வற்றிய தரையில் படரும் பிளெபேயம்

இதை மற்ற நான்கோடு யாரும் குழப்புவதில்லை. கிளைத்துத் தரையோடு வட்டமாகப் படரும். இலை 5 முதல் 15 மில்லிமீற்றர் நீளம், 2 முதல் 4 மில்லிமீற்றர் அகலம். கதிர் கிடையாது. இலைக்கக்கங்களில் சில சிறு பூக்கள் மட்டும், பச்சை மடலுக்கு வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு ஓரம். கணுவுறை 3 மில்லிமீற்றரைத் தாண்டாத வெள்ளிநிறச் சவ்வு, விளிம்பு கந்தலாகக் கிழிந்திருக்கும். விதை மும்முகம், பளபளப்பு.

குழப்பம் வருவது வேறு படர்செடிகளோடு. சித்திரப்பாலாடையைக் கிள்ளினால் பால் வரும், இலைகள் எதிரெதிர். திராயில் ஒரு கணுவில் பல இலைகள் வட்டமாக அமையும். செருப்படையின் இலை சுருக்கங்களோடு மயிர் நிறைந்தது. மூன்றிலும் வெள்ளிச் சவ்வு கிடையாது. பிளெபேயத்தின் சவ்வு மிகச் சிறியது என்பதால் கணுவைப் பிரித்து வில்லையில் பார்க்காமல் இல்லை என்று சொல்ல வேண்டாம்.

எங்கே பிழைக்கிறது

மிகப் பொதுவான பிழை, இரண்டு இனங்கள் பின்னிக் கிடக்கும் புதரில் ஒன்றின் இலையையும் மற்றொன்றின் கதிரையும் பறிப்பது. அலைகரையில் கிளாப்ராவும் மயிருள்ள இனங்களும் கலந்து நிற்கலாம். கதிரிலிருந்து தொடங்கித் தண்டைக் கையால் தடவிக்கொண்டே வேர்வரை போய், ஒரே தண்டு என்று உறுதிசெய்த பின்பே வெட்டுங்கள்.

மாடும் எருமையும் மேய்ந்த செடி பக்கக் கிளைகளைத் தள்ளும். அவற்றின் இலைகள் இயல்பைவிடச் சிறியவை, உறைகளும் குட்டை. அளவுகள் பொருந்தாமல் போனால் நுனி கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயலோரத்தில் களைகொல்லி பட்ட செடியின் இலை சுருண்டு முறுக்கிக் கிடக்கும். அதை அளக்கவே வேண்டாம். நீரில் மிதந்த தண்டுகளின் கணுவிடை நீண்டு, ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருக்கும். அது நீரின் விளைவு, இனத்தின் அடையாளம் அல்ல.

மாதிரியும் பதிவும்

ஒரு செடிக்கு ஐந்து படங்கள் போதும்: நிற்கும் இடத்தோடு முழுச் செடி, அடிமட்டத்தோடு கணுவுறை, இலையின் இரு பக்கம், கதிர், மடல் நீக்கிய விதை. கணுவுறையைப் படம் பிடிக்கும்போது பின்னால் கறுப்புத் துணியோ உங்கள் பையோ இருந்தால் விளிம்பு மயிர் துலங்கும். வானத்தை நோக்கிப் பிடித்தால் மறைந்துவிடும்.

உலர்த்தும் மாதிரியில் 30 முதல் 40 சென்ரிமீற்றர் நீளத் தண்டு, நல்ல கணுக்கள் மூன்று, பூவும் விதையும் உள்ள கதிர் ஆகியவை இருக்க வேண்டும். முடிந்தால் வேர்ப்பகுதியையும் சேருங்கள். பத்திரிகைத் தாள்களுக்கிடையே விரித்து, ஓர் இலையையாவது கீழ்ப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி, இரண்டு மட்டைக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றுங்கள். தண்டு நீர் நிறைந்தது. முதல் மூன்று நாளும் காலை மாலை தாள் மாற்றாவிட்டால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தடித்த தண்டை நீளவாக்கில் பிளந்தால் விரைவாகக் காயும். உலரும்போது இலை செம்பழுப்பாகும், பூவின் நிறம் போய்விடும். ஆகவே நிறத்தையும் உயரத்தையும் நீராழத்தையும் பறித்த இடத்திலேயே எழுத வேண்டும். உதிரும் விதைகளைக் கடித உறையில் போட்டு அதே எண்ணை இடுங்கள்.

குறிப்பில் திகதி, குளத்தின் பெயர், மாவட்டம், அலைகரையா வாய்க்காலா வயலா என்பது, கூட நின்ற செடிகள், கணுவுறை மற்றும் விளிம்பு மயிரின் அளவு, தம்ப எண்ணிக்கை, விதையின் வடிவமும் அளவும் வர வேண்டும். குளத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. இரணைமடு போன்ற பெரிய குளத்தில் எந்தக் கரை என்று தெரியாவிட்டால் அந்தச் செடியை மறுபடி தேட முடியாது.

ஐயம் தீராத மாதிரியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ விசாரிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்கத் தேசிய உலர்தாவரகம் பேராதனைத் தாவரவியற் பூங்காவில் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் ஒரு மாதிரியை உங்களிடம் வைத்துக்கொண்டு அதே செடியின் இரண்டாவது துண்டைக் கொடுங்கள். அப்போதுதான் அவர்கள் சொல்லும் பெயரை உங்கள் மாதிரியோடு இணைக்க முடியும்.

வாய்க்கால் துப்புரவு செய்பவர்களுக்கும் இந்தப் பிரிப்பு பயன்படும். பார்பேட்டாவும் அட்டெனுவேட்டாவும் பல ஆண்டுகள் வாழ்பவை, கிளாப்ராவும் பெரும்பாலும் அப்படியே. இவற்றை வெட்டி வரம்பில் போட்டால், கணு ஒன்று ஈரத்தில் பட்டாலே வேர் விட்டு மீண்டும் எழும். வாய்க்கால் தண்ணீர் அந்தத் துண்டுகளைக் கீழ்வயல்களுக்கும் கொண்டுபோகும். அடித்தண்டோடு இழுத்து, வெயில் படும் மேட்டில் குவித்து, முற்றாகக் காய்ந்த பின்பே அகற்ற வேண்டும். பிளெபேயம் ஓராண்டுச் செடி, விதையால் மட்டும் பரவுவது. விதை கறுக்கும் முன் ஒருமுறை கொத்திவிட்டால் அந்தப் பருவத்துக்குப் போதும்.